ஆட்டத்தை நிறுத்திப் போராடலாமா?

டிசம்பர் 13, 2025 (வாசகர் கேள்வி)

2018 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் சென்னை அணியின் ஆட்டத்தைப் பார்க்க என் அண்ணன் மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் போனார். அண்ணா சாலையில் காவிரிக்காக மறியல். அவர் மைதானத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் பாதி இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. வழியில் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘தண்ணீர் இல்லாமல் சாகிறோம், உனக்குக் கிரிக்கெட் கேட்கிறதா’ என்று ஏசியிருக்கிறார்கள். எங்களுடையதும் விவசாயக் குடும்பம்தான். 2023இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆரஞ்சுப் பொடியோடு ஓடிய எண்ணெய் எதிர்ப்புப் போராட்டக்காரர்களையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். மைதானத்துக்குள் போராட்டத்தைக் கொண்டுவருகிறவர்கள் தங்கள் கோரிக்கைக்குத் தாங்களே குழி பறிக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 13, இரவு

மறுக்கிறேன். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்பதை மட்டும் மறுக்கிறேன். உங்கள் அண்ணனின் சட்டையைப் பிடித்தது அயோக்கியத்தனம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரங்களில் கபடிப் போட்டிகளுக்கு நடுவராக இன்றும் போய்வருகிறேன். ஆட்டம் பாதியில் நின்றால் ஆடுகிறவனுக்கு என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சேப்பாக்கம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. மார்ச் கடைசியில் கெடு முடிந்தது, எதுவும் வரவில்லை. தஞ்சை வயல் காய்ந்துகிடக்கும்போது கொண்டாட்டமா என்ற கோபம் நியாயமான கோபம். ஏப்ரல் 10 அன்று ஆட்டம் நடந்தது. உள்ளே காலணி பறந்தது. சென்னை அணி வென்றது. மறுநாளே மீதி உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதில் யாருக்கு நஷ்டம்? கிரிக்கெட் வாரியத்துக்கு ஒன்றும் குறையவில்லை, ஒளிபரப்பு புனேவிலிருந்தும் ஓடியது. டிக்கெட் எடுத்த ரசிகருக்கும், வாலாஜா சாலையில் மஞ்சள் சட்டையும் கொடியும் விற்றவருக்கும்தான் அடி. காலணி போய் விழுந்தது ஜடேஜா பக்கம். அவருக்கும் மேட்டூர் அணைக்கும் என்ன சம்பந்தம்? காவிரி ஆணையம் ஜூன் 1 அன்று அரசிதழில் வந்தது. அது நீதிமன்றம் விடாமல் நெருக்கியதால் வந்தது.

ஏழு ஆண்டு கழித்து நீங்கள் எழுதிய கேள்வியிலும் காவிரி ஒரே சொல்லில் முடிந்துபோய்விட்டது. சட்டையைப் பிடித்ததுதான் மனதில் நின்றிருக்கிறது. அதுவரைக்கும் உங்கள் வாதம் சரி.

டிசம்பர் 14

‘விளையாட்டில் அரசியல் கலக்காதீர்கள்’ என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். கலக்காமல் எப்போது இருந்தது?

1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா இறுதிப் போட்டி வரை போனது. நம் சென்னைக்காரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய அணி. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது, ஆட்டமே நடக்காமல் கோப்பை அவர்கள் கைக்குப் போனது. இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. 2013இல் இலங்கை வீரர்கள் வருவதால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த முடியாது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். போட்டி புனேவுக்குப் போயிற்று. இப்போது நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்குப் பாகிஸ்தான் வரவில்லை, அதன் இடத்தில் ஓமன் ஆடியது. அதுவும் அரசியல்தான்.

அரசு நிறுத்தினால் ‘கொள்கை முடிவு’. நாலு பேர் உட்கார்ந்து நிறுத்தினால் ‘இடையூறு’. இந்த வேறுபாட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2013இல் சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு போனது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முடிவெடுத்தவர்களுக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. 1974ஐ நான் அப்படிப் பார்க்கவில்லை. அங்கே கோப்பையையே விட்டுக்கொடுத்தார்கள்.

இந்த ‘இழப்பு’ விஷயத்தை இன்னும் யோசிக்க வேண்டும். பிறகு வருகிறேன்.

டிசம்பர் 14, மாலை

1999ஐ நினைவூட்டிய நண்பருக்கு நன்றி. பாகிஸ்தான் அணி வரக் கூடாது என்று தில்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப்போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றது. சேப்பாக்கத்தில் கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டினார்கள். தோண்டியவர்களுக்கு அதைவிடச் சரியான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது.

டிசம்பர் 16

‘நேரில் பார்த்தேன் என்கிறீர்களே, எதை?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு தங்கை. சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மேலூர்ப் பக்கம், நல்ல கோடை.

இரவுக் கபடி. மண் களம். பகல் முழுவதும் வெயிலில் கிடந்த மண் புழுதி கிளப்பும், பாடி வருகிறவன் கண்ணில் விழும் என்பதால் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, மிதித்து, இறுக்கிவைப்பார்கள். அன்று ஒரு டிராக்டர் டேங்கர் முழுவதையும் களத்தில் பீய்ச்சியிருந்தார்கள். பெரிய அணிகள் வந்திருந்தன. முதல் பரிசாக ஒரு கிடாயும் சுழற்கோப்பையும், மேடையில் பட்டுத் துணி போர்த்தி வைத்திருந்தது.

அரையிறுதி இரண்டாம் பாதி. விசில் என் வாயில் இருக்கிறது. களத்தின் மேற்குப் பக்கம் சவுக்குக் கம்பு கட்டிய தடுப்பைத் தூக்கிக்கொண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். இருபது முப்பது பேர் இருக்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். கத்தவில்லை. நடுக்கோட்டின் மேல் குடங்களை வரிசையாக வைத்தார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு, எல்லாம் காலிக் குடங்கள். காற்றில் ஒன்று உருண்டுபோய்ப் போனஸ் கோட்டில் நின்றது. பிறகு குடங்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒலிபெருக்கியில் விழாக் குழுக்காரர், ‘தாய்மார்கள் தயவுசெய்து வெளியேறவும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போய் அவர்களில் மூத்தவரிடம் குனிந்து, ‘ஏன் அம்மா?’ என்று கேட்டேன். அவர் ஈர மண்ணைக் கையில் அள்ளிக் காட்டினார். ‘டீச்சர், இந்த மண்ணுக்கு ஊற்றிய தண்ணீர் எங்கள் தெருவுக்கு இரண்டு நாள் குடிக்க வரும். குழாயில் காற்று வருகிறது. கேட்டால் லாரி இல்லை என்றார்கள். இதற்கு மட்டும் எப்படி வந்தது?’

எனக்குப் பதில் இல்லை. அந்தத் தண்ணீர் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் ஆட்டம் நின்றது. வெளியூர் அணியின் தலைவன் தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அதற்கு அப்புறம்தான் மேடையில் இருந்தவர்கள் யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார்கள். நடுச்சாமம் தாண்டித் தண்ணீர் லாரி வந்தது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். இறுதிப் போட்டி முடியும்போது விடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்த உடம்பு ஆறிப்போகும். ஆட்டம் மறுபடி தொடங்கி மூன்றாவதோ நான்காவதோ ரெய்டில் ஒரு பையன் கோட்டுக்குப் பாய்ந்தான், பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. தரையில் கிடந்து தொடையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். அவனுக்கும் அந்தத் தெருத் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பெண்கள் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பையனுக்கு நடந்தது சரியில்லை என்பதையும் சேர்த்தேதான் சொல்வேன்.

டிசம்பர் 17

பையன் என்ன ஆனான் என்று பலரும் கேட்கிறீர்கள். தேறிவிட்டான். காவலர் தேர்வின் உடல் தகுதித் தேர்வுக்கு முன்பு சரியாகுமா என்று அவன் தாயார் பதறியது பெரிய கதை. கபடி ஆடுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கண் அங்கேதான், காவல் துறை, ரயில்வே, விளையாட்டு ஒதுக்கீடு. ஒரு சீசன் போனால் வயது வரம்பு போய்விடும். நகரத்தில் உட்கார்ந்து ‘ஒரு நாள் ஆட்டம் நின்றால் என்ன’ என்று எழுதுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஆட்டக்காரனுக்கு நேர்கிற இழப்புக்கு இன்னொரு சாட்சி 1975, இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம். சிறையில் இருந்த ஜார்ஜ் டேவிஸ் என்பவரை விடுதலை செய்யச் சொல்லி அவருடைய ஆதரவாளர்கள் இரவோடு இரவாக ஆடுகளத்தைக் குத்திக் கிளறி எண்ணெய் ஊற்றினார்கள். கடைசி நாள் ஆட்டமே நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மெக்காஸ்கர் 95இல் நின்றிருந்தார். முதல் டெஸ்ட் சதத்துக்கு ஐந்து ஓட்டம் பாக்கி. அடுத்த டெஸ்டில் 127 அடித்தார் என்பது அவருடைய நல்ல காலம். டேவிஸ் மறு ஆண்டு வெளியே வந்தார், பிறகு ஒரு வங்கிக் கொள்ளையில் பிடிபட்டார். ஆனால் அந்த முதல் வழக்கின் தண்டனை 2011இல் ரத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் நியாயமாகவே இருந்தாலும், அந்த ஆடுகளத்துக்கும் அந்த வழக்குக்கும் ஒரு நூலளவு தொடர்பும் இல்லை.

டிசம்பர் 20

நியூசிலாந்து, 1981. இதைப் பற்றி எழுதச் சொன்னவருக்காக, கொஞ்சம் நீளமாக.

நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி சுற்றுப்பயணம் வந்தது, அதைப் பலர் எதிர்த்தார்கள். நியூசிலாந்துக்காரர்களுக்கு ரக்பி நம்மூர் மஞ்சுவிரட்டுக்குச் சமம், ரத்தத்தில் ஓடுவது. ஜூலை 25, ஹாமில்டன். சில நூறு பேர் வேலியைச் சாய்த்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய்க் கைகோத்து நின்றார்கள். சிறிய விமானம் ஒன்றை ஒருவர் எடுத்துக்கொண்டு மைதானத்தை நோக்கி வருவதாகச் செய்தி வந்ததும் போலீஸ் ஆட்டத்தை ரத்து செய்தது. வெளியே வந்தவர்களை ரக்பி ரசிகர்கள் அடித்தார்கள். வீட்டுக்குள்ளேயே அப்பனும் மகளும் பேசிக்கொள்ளாத நிலைமை. செப்டம்பர் 12, ஆக்லாந்தில் கடைசி டெஸ்ட். மேலே ஒரு செஸ்னா விமானம் தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களை வீசியது. ஒன்று நியூசிலாந்து வீரர் கேரி நைட் மேலேயே விழுந்து அவரைச் சாய்த்தது. ஆட்டம் நிற்கவில்லை. மாவுப் பொட்டலத்தை நான் ஆதரிக்க மாட்டேன். தாழப் பறக்கும் விமானத்தின் இறக்கை எதிலாவது தட்டியிருந்தால் கதை வேறு.

ஆனால் ஹாமில்டனை ஆதரிக்கிறேன். ஏன்? அங்கே எதிர்த்த அநீதி அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. கேப்டவுனில் பிறந்த பேசில் டி’ஒலிவேராவை நிறத்தின் காரணமாகத் தன் அணியில் சேர்க்காத நாடு அது. அவர் இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஆடி, 1968இல் இங்கிலாந்து அணியோடு தென்னாப்பிரிக்கா வரத் தேர்வானபோது ‘அவர் வரக் கூடாது’ என்றது. பயணமே ரத்தானது. 1970இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு வருவதை நிறுத்தியவர்கள் பீட்டர் ஹெய்ன் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும். அவருக்கு அப்போது இருபது வயது. முந்தைய குளிர்காலம் முழுவதும் ரக்பி ஆட்டங்களில் இறங்கி இறங்கி நின்றார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஆடிய தென்னாப்பிரிக்கா, அடுத்த டெஸ்ட் ஆடியது 1992இல்.

ஆட்டத்தையே ஒரு அரசு அநீதிக்குப் பயன்படுத்தினால், போராட்டம் ஆட்டத்துக்குள் வரத்தான் செய்யும். சேப்பாக்கம் 2018இல் அந்தத் தொடர்பு இல்லை. குடம் வைத்த பெண்களிடம் இருந்தது. அவர்களுக்கு இல்லையென்ற தண்ணீர் அந்தக் களத்தில்தான் கிடந்தது.

டிசம்பர் 20, இரவு

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். நியூசிலாந்தில் இறங்கியவர்களில் பலரும் ரக்பியை நேசித்தவர்கள். பிடிக்காத ஆட்டத்தை நிறுத்துவது சுலபம். தனக்கு உயிரான ஆட்டத்தைத் தானே நிறுத்துகிறவனின் சொல்லுக்கு வேறு கனம்.

டிசம்பர் 22

‘வாடிவாசலில் குறுக்கே போய் நின்றால் காளையே தீர்ப்புச் சொல்லிவிடும்’ என்று ஓர் ஐயா எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அதில் நிஜமான விஷயம் இருக்கிறது.

வாடிக்குள் காளை வந்ததும் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அதைப் பிடித்து நிறுத்த உலகத்தில் ஆள் கிடையாது. தேங்காய் நார் பரப்பிய களத்தைத் தாண்டி, அடுத்த முனையில் உரிமையாளர் கயிற்றோடு காத்திருக்கும் இடத்துக்கு அது ஓடியாக வேண்டும். வழி அடைபட்டால் பார்வையாளர் பக்கம் திரும்பும், இல்லையென்றால் மிரண்டு ஊருக்குள் ஓடிக் கிணற்றில் விழும். ஆள் சாவான், மாடும் சாகும்.

1913 ஜூன் 4, எப்சம் குதிரைப் பந்தயம். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் ஓடுகிற குதிரைகளுக்கு நடுவே இறங்கினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரை மோதியது. நான்கு நாளில் இறந்துபோனார். குதிரையேறியும் காயம்பட்டார். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளிடம் அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இருந்தும் ‘அதுபோலச் செய்’ என்று ஒரு பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரலில் லிவர்பூல் பக்கத்து ஐன்ட்ரீ பந்தயத்தில் விலங்கு உரிமைக்காரர்கள் தடத்தில் இறங்கியதால் பந்தயம் தாமதமானது. தொடங்கியதும் முதல் தடுப்பிலேயே ஒரு குதிரை விழுந்து செத்தது. கலவரத்தில் குதிரை மிரண்டதுதான் காரணம் என்று பயிற்சியாளர் சொன்னார், பந்தயமே காரணம் என்று போராட்டக்காரர்கள் சொன்னார்கள். குதிரையிடம் யார் கேட்பது?

மிருகம் ஓடுகிற களத்தில் குறுக்கே இறங்குவது எந்தக் காரணத்துக்கும் ஆகாது. கேள்வி கேட்ட தம்பி, உங்கள் ‘எந்தக் காரணத்துக்காகவும்’ இங்கே பொருந்தும்.

டிசம்பர் 26

அலங்காநல்லூர்க்காரர் ஒருவர், ‘எங்கள் 2017ஐ ஏன் எழுதவில்லை?’ என்று கோபித்திருக்கிறார். ஒத்திவைத்திருந்தேன். என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையமே அதுதான்.

2014 மே 7 தீர்ப்போடு ஜல்லிக்கட்டு நின்றது. 2017 தையில் அலங்காநல்லூரில் மறியல் தொடங்கியது, கைது செய்தார்கள், அதற்குப் பிறகு கூட்டம் பத்து மடங்காகப் பெருகியது. மதுரையில் தமுக்கம், செல்லூர் என்று பரவியது. நான் தமுக்கத்தில் இருந்தேன். வீட்டிலிருந்து சோறு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த பெண்கள், புத்தகப் பையோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள், ராத்திரியில் செல்போன் வெளிச்சம். வைகைப் பாலத்தின் மேல் ஒரு பாசஞ்சர் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள். அதில் வந்த பயணிகள் கைக்குழந்தையோடு தண்டவாளத்தில் இறங்கி நடந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பயணியிடமிருந்து நமக்கு என்ன வேண்டியிருந்தது?

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் அலங்காநல்லூர் வாடிவாசலைத் திறந்துவைக்க முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மதுரைக்கே வந்துவிட்டார். மூன்று ஆண்டாகக் காத்திருந்த காளை, மூன்று ஆண்டாக ஏங்கிக் கிடந்த ஊர். ‘நிரந்தரச் சட்டம் வராமல் மாட்டை அவிழ்க்க மாட்டோம்’ என்று அந்த ஊரே சாலையில் உட்கார்ந்தது. முதல்வர் திரும்பிப் போனார். ஜனவரி 23 அன்று சட்டசபையில் மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் காளை இறங்கியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

கவனியுங்கள். ஜல்லிக்கட்டு வேண்டுமென்று போராடியவர்களே, கையில் வந்த ஜல்லிக்கட்டை நிறுத்தினார்கள். பரிசு, பெருமை, கோயில் மரியாதை, அவ்வளவும் அவர்களுடையது. அதை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். 2018இல் சேப்பாக்கத்தில் காலணி வீசியவர் எதை விட்டுக்கொடுத்தார்? கழற்றிய காலணியைத்தான்.

ஆட்டத்தை நிறுத்துகிறவருக்கு அந்த ஆட்டத்தில் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். 14ஆம் தேதி பாதியில் விட்ட ‘இழப்பு’ விஷயம் இதுதான்.

டிசம்பர் 28

நேற்று ஓர் இளைஞர் தனியாக எழுதினார். அனுமதி வாங்கியே இங்கே சொல்கிறேன். ‘எங்கள் தெருப் பிள்ளைகளை ஊர்ப் பொங்கல் விளையாட்டில் சேர்ப்பதே இல்லை. வரி வாங்குவதில்லை, அதனால் பங்கு இல்லை என்பார்கள். வரி கொடுக்கிறோம் என்றால் வாங்க மாட்டார்கள். எங்களுக்கு அந்த ஆட்டத்தில் இழக்க என்ன இருக்கிறது, டீச்சர்? அப்போது நிறுத்த எங்களுக்கு உரிமை இல்லையா?’

ராத்திரி தூக்கம் வரவில்லை. முந்தாநாள் எழுதியதை இவருடைய கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதற்கே ஒன்றும் இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டவருக்கு, மற்ற எல்லோரையும்விட முந்திய உரிமை இருக்கிறது. டி’ஒலிவேராவுக்குக் கேப்டவுனில் இழக்க என்ன இருந்தது? சேர்க்கவே இல்லையே!

என் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். மாவட்ட அளவில் அவனைப் போலக் கணுக்காலைப் பிடிக்கிறவன் கிடையாது. பள்ளிச் சீருடையில் கோப்பை வாங்கினான். அதே ஊர்த் திருவிழாக் கபடியில், தடுப்புக்கு வெளியே சைக்கிள் கேரியரில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆடிய மூன்று பேர் அவனிடம் பிடி கற்றுக்கொண்டவர்கள். நான் நடுவராக உள்ளே இருந்தேன். ‘அவனை ஏன் சேர்க்கவில்லை?’ என்று குழுவிடம் கேட்டேன். ‘ஊர் வழக்கம், டீச்சர்’ என்றார்கள். அடுத்த ஆண்டு அழைப்பு வந்தபோது அவனையும் அணியில் எடுத்தால்தான் வருவேன் என்று சொன்னேன். வேறு நடுவரைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தெருப் பிள்ளைகள் ஒரு நாள் அந்தக் களத்தில் போய் உட்கார்ந்தால், நானும் பக்கத்தில் உட்காருவேன்.

டிசம்பர் 31

‘டீச்சர் சாதிப் பிரச்சினையைக் கிளப்புகிறார்’ என்கிறவர்களுக்கு: அது களத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நான் கிளப்ப வேண்டியதில்லை.

ஜனவரி 3, 2026

முதலில் கேள்வி கேட்ட தம்பி இப்போது நிஜக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் ஊர்க் கண்மாய்க்கு வருகிற வரத்துக் கால்வாயை அடைத்து ஒருவர் வேலி போட்டிருக்கிறார். மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை. வேலி போட்டவரே பொங்கல் விளையாட்டுக்குப் பெரிய நன்கொடையாளர், மேடையில் பரிசு கொடுக்கப் போகிறவர். இளைஞர்கள் ஆட்டத்தையே நிறுத்தலாம் என்கிறார்கள். தம்பிக்கு மனமில்லை, அவருடைய தங்கை ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே, தம்பி!

என் அபிப்பிராயம். அந்த மேடைக்கும் அந்தக் கால்வாய்க்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. ஆகவே அங்கே கேட்பது நியாயம். ஆனால் குழந்தைகளின் பந்தயத்துக்கும் கால்வாய்க்கும் தொடர்பு இல்லை. பந்தயங்கள் எல்லாம் நடக்கட்டும். பரிசளிப்பில் நில்லுங்கள். ஜெயித்த பிள்ளைகளே மேடையேறி, ‘இவர் கையால் வாங்க மாட்டோம், கால்வாயைத் திறக்கட்டும்’ என்று சொன்னால் போதும். ஆனால் அது அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் தாங்களாகச் சம்மதித்துச் செய்கிற காரியமாக இருக்க வேண்டும். நீங்கள் அவர்களுக்காக முடிவெடுத்துவிடக் கூடாது. தங்கையிடம் முதலில் கேளுங்கள். அவள் பரிசு அது.

2025 ஜனவரி 7 அன்று டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மேலூரிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை விவசாயிகள் நடந்து வந்தது நினைவிருக்கும். அடுத்த வாரமே பொங்கல். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் வழக்கம்போல நடந்தன. ஜனவரி 23 அன்று சுரங்க ஏலம் ரத்து. ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றபோது எந்த ஆட்டத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஊரில் எத்தனை வீடு உங்கள் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள், தம்பி.

ஜனவரி 4

‘மேடையிலேயே கைகலப்பு ஆனால்?’ என்று கேட்கிறார் தம்பி. ஆகலாம். அதனால் காவலர் தேர்வு எழுதியிருக்கிற பையன்கள் யாரும் முன்வரிசையில் வேண்டாம். வழக்குப் பதிவானால் சரிபார்ப்பில் நின்றுபோகும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள் முன்னால் நிற்கட்டும். சத்தம் வேண்டாம். யாருடைய சட்டையையும் பிடிக்க வேண்டாம். கால்வாயின் கிராம வரைபடம், புல எண், கொடுத்த மனுக்களின் நகல், இவற்றைப் பெரிதாக அச்சடித்து மேடைக்கு எதிரே கட்டுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களும் படிக்கட்டும்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாளை திங்கள்கிழமை, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு முறை மனு கொடுங்கள். விழாக் குழுவுக்கும் ஒரு கடிதம், இன்ன தேதிக்குள் வேலி எடுக்கப்படாவிட்டால் பரிசளிப்பில் கேட்போம் என்று தெளிவாக. இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டு அன்று நடுவர் தேவைப்பட்டால் சொல்லுங்கள், வருகிறேன்.